வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்

கேள்வியை முதலில் வைத்துவிடுகிறேன். கடலூரில் ஓவியம் படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "ரெனே மக்ரீத் வரைந்த 'ஒளியின் பேரரசு' படத்தில் மேலே பட்டப்பகல் வானம், கீழே ராத்திரித் தெரு. பார்த்ததும் எதுவும் தப்பாகத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைக்கிறது. ஏன்? சர்ரியலிச ஓவியங்களில் ஒளி என்றால் நனவு மனம், இருள் என்றால் ஆழ்மனம் என்று படித்தேன். அது சரியா? அந்த மாதிரி நானும் ஒரு படம் வரைய வேண்டும், எங்கே தொடங்குவது?"

மூன்று கேள்விகள். நடுவில் உள்ளதை முதலில் எடுக்கிறேன், அதுதான் மற்ற இரண்டையும் மறைத்துக்கொண்டு நிற்கிறது.

நனவு மனம், ஆழ்மனம் என்கிற விளக்கம் எனக்குப் பிடிக்காது. அது எந்தப் படத்துக்கும் பொருந்திவிடும் என்பதுதான் என் குறை. வெளிச்சமும் நிழலும் உள்ள எந்த ஓவியத்தின் கீழும் அந்த வரியை எழுதிவிடலாம். எழுதியதும் படத்தைப் பார்ப்பது நின்றுவிடும். ஆந்த்ரே பிரெத்தோன் 1924இல் பாரிசில், கனவையும் ஆழ்மனத்தையும் முன்னே வைத்த சர்ரியலிசம் என்கிற கலை இயக்கத்தின் அறிக்கையை எழுதியபோது மனநல அறிஞர் ஃபிராய்டை மனதில் வைத்துத்தான் எழுதினார், அது உண்மை. ஆனால் மக்ரீத் பிரஸ்ஸல்ஸ்காரர். பாரிஸ் குழுவோடு ஒட்டியும் ஒட்டாமலும் இருந்தவர். தன் படங்களை யாராவது மனநல மருத்துவர் போலப் பிரித்து மேய்ந்தால் அவருக்கு ஆகவே ஆகாது. அவருக்கு 13 வயதாக இருக்கும்போது, 1912இல், அவருடைய அம்மா சாம்பர் ஆற்றில் மூழ்கி இறந்துபோனார். அவர் படங்களில் வரும் இருட்டை எல்லாம் அந்த ஆற்றிலேயே கொண்டுபோய்ச் சேர்ப்பவர்கள் இன்றும் உண்டு. அவர் அந்த வழியை ஏற்றுக்கொண்டதில்லை.

அதற்குப் பதிலாக வேறொரு கேள்வியைப் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என் வீட்டுக்குப் படம் கற்க வரும் பிள்ளைகளிடம் நான் முதல் நாளே சொல்வது இது: எந்தப் படத்தைப் பார்த்தாலும் 'இந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?' என்று கேளுங்கள். பழைய ஐரோப்பிய ஓவியர்களை எடுத்துக்கொள்ளுங்கள். வெர்மேரின் படத்தில் கேட்டால் பெரும்பாலும் இடது பக்கத்து ஜன்னலைக் கைகாட்டிவிடலாம். ஜார்ஜ் த லா தூர் என்றால் ஒரு மெழுகுவர்த்தி. கராவாஜியோவின் படத்தில் ஜன்னல் தெரியாமல் போனாலும் ஒளி எந்த மூலையிலிருந்து சாய்கிறது என்று கோடு போட்டுக் காட்டலாம். சர்ரியலிஸ்டுகளிடம் இதே கேள்வியைக் கேட்டால் பதில் இடறும். சில படங்களில் பதிலே கிடைக்காது. சிலவற்றில் இரண்டு பதில் கிடைக்கும், இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. அந்த இடறல் எந்த இடத்தில் நடக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் படம் பார்க்கும் வேலை.

மக்ரீத்துக்கு வருவோம். நாம் பாண்டிச்சேரிக்காரர்கள், கொஞ்சம் பிரெஞ்சு காதில் விழுந்தபடி வளர்ந்தவர்கள் என்பதால் ஒன்று சொல்கிறேன். படத்தின் மூலப் பெயர் 'லாம்பீர் தே லுமியேர்'. லுமியேர் இங்கே பன்மை. ஒளி அல்ல, ஒளிகள். விளக்குகள் என்றும் வைத்துக்கொள்ளலாம். பெயரை எடுத்துக்கொடுத்தவர் அவருடைய கவிஞர் நண்பர் போல் நூழே. ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வரும்போது அந்தப் பன்மை உதிர்ந்து 'ஒளியின் பேரரசு' ஆகிவிட்டது. பெயரில் இருள் என்ற சொல்லே கிடையாது என்பதைக் கவனியுங்கள். ஒளிக்கும் இருளுக்கும் போட்டி என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம். படத்தில் இருப்பது இரண்டு வெளிச்சங்கள்: மேலே வானம், கீழே தெருவிளக்கு. ஒன்று இருப்பதே இன்னொன்றுக்குத் தெரியாது.

இதே பெயரில் அவர் ஒரு படம் வரைந்து நிறுத்தவில்லை. 1949இல் தொடங்கி 1960கள் வரை எண்ணெய்ச் சாயத்தில் மட்டும் 17 முறை வரைந்தார். நியூயார்க்கில் ஒன்று, பிரஸ்ஸல்ஸில் ஒன்று, வெனிஸில், ஓவியம் சேகரித்த பெகி குகன்ஹைம் இருந்த வீட்டில் ஒன்று. 1954இல் வரைந்த இன்னொன்று 2024 நவம்பரில் 121 மில்லியன் டாலருக்கு ஏலம் போனது. அந்த விலையைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. 17 முறை என்பதுதான் பெரிய செய்தி. ஒரு மனிதர் ஒரே தெருவிளக்கிடம் திரும்பத் திரும்பப் போயிருக்கிறார் என்றால், அவருக்கே அது தீர்ந்துபோகவில்லை என்று அர்த்தம்.

வெனிஸில் உள்ள படத்தைக் கிட்டே போய்ப் பார்ப்போம். 1954இல் வரைந்தது. உயரம் 195 செ.மீ., அகலம் 131 செ.மீ. ஆளைவிட உயரம், ஒரு கதவு மாதிரி. மேல் பாதி முழுக்க நீல வானம், அதில் பஞ்சு பஞ்சாக வெள்ளை மேகம். அந்தியின் சிவப்போ மஞ்சளோ துளிகூட இல்லை. காலை பதினோரு மணிக்குத் துணி காயப்போடும்போது நிமிர்ந்து பார்த்தால் தெரிகிற வானம். கீழே ஒரு சாதாரண வீடு. மாடி ஜன்னல்களில் மஞ்சள் வெளிச்சம். வீட்டுக்கு முன்னால் ஒற்றைத் தெருவிளக்கு, அது சுவரில் ஒரு வட்டம் போட்டிருக்கிறது. வீட்டின் மற்ற பகுதி இருட்டில் கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மரங்கள், கன்னங்கரேலென்று. அடியில் கொஞ்சம் தண்ணீர். அதில் விளக்கின் மஞ்சள் விழுந்திருக்கிறது, வானத்தின் நீலம் விழவில்லை.

இப்போது உங்கள் முதல் கேள்வி. ஏன் உடனே உறைக்கவில்லை?

சூட்சுமம் அந்த மரங்களில் இருக்கிறது. வெளிச்சமான வானத்தை முதுகில் வைத்துக்கொண்டு நிற்கும் எந்த மரமும் பட்டப்பகலிலும் கறுப்பாகத்தான் தெரியும். ராத்திரி மரமும் கறுப்பு. ஆக மரத்தின் கறுப்பு இரண்டு பக்கமும் செல்லுபடியாகிற காசு. கண் மேலிருந்து இறங்கி வரும்போது 'வானத்துக்கு எதிரே நிற்கும் மரம்' என்று நம்பி மரத்துக்குள் நுழைகிறது. வெளியே வரும்போது 'இருட்டில் நிற்கும் மரம்' என்று நம்பியபடி வருகிறது. எந்த நொடியில் மாறியது என்று கண்ணுக்கே தெரியாது. ஒட்டுப்போட்ட இடத்தை மக்ரீத் அந்தக் கறுப்புக்குள் மறைத்துவிட்டார். மரங்களை எடுத்துவிட்டு வானத்தை நேராக ஓட்டு விளிம்பில் உட்காரவைத்தால், பார்த்த மாத்திரத்தில் மோசடி வெளியே வந்துவிடும்.

இன்னொரு காரணம், நாம் எல்லோரும் இதற்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு காட்சியைத் தினமும் பார்த்திருக்கிறோம். பாண்டியில் அதற்குச் சரியான இடம் புஸ்ஸி வீதியின் கடற்கரை முனை. இங்கே கடல் கிழக்கே இருக்கிறது, சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்குகிறது. அதனால் கடற்கரைச் சாலையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எதிரே கடல்மேல் வானம் முதலில் மங்கும். அவர்கள் முதுகுப்புறம், ஊருக்கு மேலே, வானம் இன்னும் வெளுப்பாக இருக்கும். அந்த நேரத்தில் எழுந்து மேற்கே திரும்பி வீதியைப் பாருங்கள். வீடுகள் முகம் தெரியாமல் கறுத்திருக்கும், தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருக்கும், மேலே வெளிச்ச வானம். கிட்டத்தட்ட மக்ரீத். ஆனால் பத்து நிமிடம்தான். நம் ஊரில் சூரியன் செங்குத்தாக விழுந்துவிடுவதால் அந்திக்கு ஆயுசு குறைவு. சூரியன் மறைந்து இருபது, இருபத்திரண்டு நிமிடத்தில் பொழுது சாய்ந்துவிடும். பிரஸ்ஸல்ஸில் ஜூன் மாதத்தில் அதே அந்தி நாற்பது நிமிடத்துக்கு மேல் நீளும். விளக்கு ஏற்றிய வீடும் வெளுத்த வானமும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும் நேரம் அந்த ஊர்க்காரருக்கு நம்மைவிட இரண்டு மடங்கு.

ஆகவே இது அந்திப் படம்தானே என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை. அந்தி வானத்தின் இடத்தில் அவர் நடுப்பகல் வானத்தை வைத்துவிட்டார். அந்தியை நம் கண்ணே நிரப்பிக்கொள்கிறது.

பொய் எவ்வளவு பெரியது என்று கணக்கு சொன்னால் புரியும். ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளப்பார்கள். தெளிந்த பகலில் நேர் வெயில் தரையில் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கு விழும். சூரியனை மறைத்து நிழலில் நின்றாலும், திறந்த வானம் மட்டுமே 10,000 லக்ஸுக்கு மேல் கொடுக்கும். தெருவிளக்கின் கீழே 10, 20 லக்ஸ் இருந்தால் அதிகம். பௌர்ணமி நிலா கால் லக்ஸ் சுமார். அப்படியென்றால் அந்த வானம் உண்மையாக இருந்தால் வீட்டின் ஓடு, சுவர், தரை எல்லாமே பளிச்சென்று இருக்க வேண்டும். தெருவிளக்கு எரிகிறதா என்பதே தெரியாது, ஆயிரத்தில் ஒரு பங்கு எப்படித் தெரியும்? மக்ரீத்தின் வானம் வெளிச்சமாக இருக்கிறது, ஆனால் யாருக்கும் வெளிச்சம் கொடுக்கவில்லை. இதுதான் இடறும் இடம். நீங்கள் 'கொஞ்ச நேரம் கழித்து உறைக்கிறது' என்று எழுதியது இந்த ஓர் உண்மை மெல்ல மேலே வரும் நேரத்தைத்தான்.

அப்புறம், இது சாயத்தால் மட்டுமே முடிகிற காரியம் என்பதையும் பாருங்கள். நல்ல டைட்டானியம் வெள்ளை தன் மேல் விழுகிற ஒளியில் 90 சதவீதத்துக்கு மேல் திருப்பித் தரும். கறுப்புச் சாயம் மூன்று, நான்கு சதவீதம் தரும். ஓவியனிடம் இருக்கும் மொத்த இடைவெளி இருபத்தைந்து, முப்பது மடங்கு. அவ்வளவுதான். உலகத்தின் ஆயிரம் மடங்கை அவன் இந்த முப்பதுக்குள் மடித்து வைக்க வேண்டும். நேர்மையான யதார்த்த ஓவியன் மடிக்கும்போது வானத்தை முன்னே வைத்து விளக்கை விட்டுக்கொடுப்பான். இல்லாவிட்டால் மாற்றி. மக்ரீத் இருவருக்கும் சமமாகப் பங்கு போட்டார். வானத்துக்கு நிதானமான நீலம், விளக்குக்குக் கொஞ்சம் தூக்கலான மஞ்சள். பழைய பிலிம் கேமராவில் இது நடக்காது. வானத்துக்கு அளவு வைத்தால் வீடு கரியாகும், வீட்டுக்கு வைத்தால் வானம் வெளுத்துப்போகும். இப்போதைய போன்கள் ஒரே நொடியில் பல படம் எடுத்து ஒட்டித் தருவதால் சாயங்காலம் கடற்கரையில் எடுக்கும் படங்கள் எல்லாம் லேசாக மக்ரீத் சாயலில் வருகின்றன. நம் கண் அதற்குப் பழகிவிட்டது. அதனால்தான் இந்தத் தலைமுறைக்கு அந்தப் படம் உறைக்க இன்னும் தாமதமாகிறது என்று நினைக்கிறேன்.

என் வீட்டுக் கூடத்தில் இந்தப் படத்தின் அச்சு ஒன்று பல வருஷம் மாட்டியிருந்தது. அம்மா அதை முதல் முறை பார்த்துவிட்டுச் சொன்னது: "பொழுது விடிஞ்சு இவ்ளோ நேரமாச்சு, தெரு லைட்டை அணைக்காம விட்டுட்டாங்க பாரு." அக்கா மகன் அதே படத்தைப் பார்த்து, "மாமா, ராத்திரில எப்படி வானம் இவ்ளோ நீலமா இருக்கு?" என்றான். அம்மாவுக்கு வானம் உண்மை, விளக்குதான் தப்பு. அவனுக்கு வீடு உண்மை, வானம்தான் தப்பு. இருவருமே ஒரு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு மறுபக்கத்தைக் குறை சொன்னார்கள். படம் உங்களை அப்படி ஒரு பக்கம் உட்காரத் தூண்டும், உட்கார்ந்த உடனே இருக்கையை இழுக்கும். நீங்கள் முதலில் எந்தப் பக்கம் உட்கார்ந்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆழ்மனத்தைப் பற்றி ஏதாவது தெரியவேண்டுமென்றால் அதில் தெரியட்டும்.

நமக்கு இந்தப் படம் அந்நியமாகப் படாததற்கு எனக்குத் தெரிந்த ஒரு காரணம் நாடகப் படுதா. என் குருநாதர் நாடகக் குழுக்களுக்குப் படுதா எழுதியவர். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் கண்மூடியது இந்தப் பாண்டியில்தான் என்பதை அவர் ஏதோ சொந்தக்காரரைப் பற்றிச் சொல்வது போலச் சொல்வார். தெருச் சீன், காட்டுச் சீன், தர்பார் சீன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படுதா. தெருச் சீனில் மேலே எப்போதும் நீல வானம், வெள்ளை மேகம். ராத்திரி பத்து மணிக்கு பெட்ரோமாக்ஸ் விளக்கில் அந்தப் பகல் வானத்துக்குக் கீழே ராஜபார்ட் நின்று, "நள்ளிரவாகிவிட்டதே" என்று பாடுவார். எதிரே மணலில் உட்கார்ந்திருப்பவர்கள் யாரும் வானத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டதில்லை. மக்ரீத்தும் ஏறக்குறைய அந்தத் தொழில்காரர்தான். இளம்வயதில் சுவர்த்தாள் தொழிற்சாலையில் பூவும் கொடியும் வரைந்தார், பிறகு விளம்பரப் படங்கள் எழுதிப் பிழைத்தார். அவருடைய வானம் அவ்வளவு தட்டையாக, போர்டு எழுதுபவரின் வானம் போல இருப்பது திறமைக் குறைவால் அல்ல. மேகத்துக்கு மூச்சு கொடுத்துவிட்டால் அது காற்று, மழை என்று கதை சொல்ல ஆரம்பித்துவிடும். அவருக்கு வேண்டியது 'பகல்' என்கிற ஒரு சொல். அதைப் படுதாவைப் போலத் தொங்கவிட்டார்.

சங்க இலக்கியம் படித்தவர்களுக்கு இதைத் திணையாகச் சொன்னால் இன்னும் நெருக்கமாக இருக்கும். பாலைத் திணைக்குச் சிறுபொழுது, அதாவது நாளில் அதற்குரிய நேரம், நண்பகல்; குறிஞ்சிக்கு யாமம், நள்ளிரவு. நண்பகல் பிரிவின் நேரம், யாமம் சேர்க்கையின் நேரம். ஒரு பொழுதைச் சொன்னாலே அதன் உணர்ச்சியும் கூடவே வந்துவிடும். மக்ரீத் யாமத்தின் மேல் நண்பகலைக் கவிழ்த்து வைத்திருக்கிறார். திணைகள் மயங்கலாம், ஆனால் நிலத்தோடு நிலம் மயங்காது என்பது தொல்காப்பியம். பொழுது மயங்கலாம். அந்தப் படத்திலும் பாருங்கள், நிலம் கொஞ்சமும் மயங்கவில்லை. சந்தேகமில்லாத ஒரு பெல்ஜியத் தெரு, ஒரு வீடு, ஒரு விளக்கு. பொழுது மட்டும்தான் மயங்கியிருக்கிறது. அவர் தமிழ் படித்தார் என்றா சொல்லப்போகிறேன்? இல்லை. படத்தைப் பார்க்க நம் கையில் ஏற்கெனவே ஒரு நல்ல கருவி இருக்கிறது, வெளியே தேட வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொரு தகவலும் உங்கள் நடுக் கேள்விக்கு உதவும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பெல்ஜியத்தைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், 1943இல், மக்ரீத் திடீரென்று பிரெஞ்சு ஓவியர் ரெனுவா மாதிரி வெயில் சொட்டும் வண்ணங்களில் வரைய ஆரம்பித்தார். பயமுறுத்தும் வேலையை நாஜிகள் எங்களைவிட நன்றாகச் செய்கிறார்கள், இனி சர்ரியலிசம் மகிழ்ச்சியைக் கொண்டுவர வேண்டும் என்பது அவர் வாதம். 1946இல் 'முழு வெயிலில் சர்ரியலிசம்' என்று ஓர் அறிக்கையும் எழுதினார். பிரெத்தோனுக்கு அது பிடிக்கவில்லை. 1947 வாக்கில் மக்ரீத் அந்த வெயிலை விட்டார், 1948இன் முடிவில் தன் பழைய நிதானமான கைக்குத் திரும்பினார். அதற்குப் பிறகு வந்ததுதான் தெருவிளக்கும் பகல் வானமும். வெயில் வேண்டும் என்று ஆசைப்பட்ட காலமும் அதற்கு முந்தைய இருட்டும் இந்தப் படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கின்றன என்று எனக்குத் தோன்றும். இது என் கருத்து.

ஒளியை வைத்து ஏமாற்றும் வித்தையை மக்ரீத் கற்றது இத்தாலிய ஓவியர் ஜோர்ஜோ தெ கிரிகோவின் படங்களிடம். அவருடைய 'காதல் பாடல்' படத்தின் அச்சைப் பார்த்தபோது கண்ணீர் வந்துவிட்டது என்று மக்ரீத்தே சொல்லியிருக்கிறார். தெ கிரிகோ வரைந்த 'ஒரு தெருவின் மர்மமும் சோகமும்' (1914) படத்தைத் தேடிப் பாருங்கள். இடது பக்கம் வெயிலில் வெளுத்த வளைவுக் கட்டடம், வலது பக்கம் நிழலில் கறுத்த கட்டடம், அதன் நிழலுக்குள் கதவு திறந்த ஒரு காலி வண்டி. வளையம் ஓட்டியபடி ஒரு சிறுமி, அவளே பாதி நிழல் மாதிரி. தெருமுனையில் யாரோ நிற்கிறார்கள், அவர்களுடைய நிழல் மட்டும் நீண்டு வந்து தரையில் விழுந்திருக்கிறது. ஆள் கட்டடத்துக்குப் பின்னால். ஆளைப் பார்க்கும் முன் நிழலைப் பார்க்கிற ஊர் அது.

அவருடைய வேறு சில படங்களில் ஒரு கடிகாரம் இருக்கும், மதியம் ஒன்றரை, இரண்டு என்று காட்டும். தரையில் விழும் நிழலோ சாயங்கால நீளம். இதை ஐரோப்பியர் பார்ப்பதற்கும் நாம் பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. தெ கிரிகோவுக்குப் பிடித்த, வட இத்தாலியில் உள்ள தூரின் நகரத்தில் டிசம்பர் உச்சிப்பொழுதிலேயே ஒருவரின் நிழல் அவர் உயரத்தைப் போல இரண்டரை மடங்கு இருக்கும். அவர்களுக்கு அது இலையுதிர்கால ஏக்கம், கொஞ்சம் மிகைப்படுத்தியது. புதுச்சேரியில் வருஷம் முழுக்க எந்த நாளிலும் உச்சிப்பொழுது நிழல் நம் உயரத்தைத் தொடாது, முக்கால் பங்கைக்கூட எட்டாது. ஏப்ரல் 20ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 20ஐ ஒட்டியும் சூரியன் நேர் உச்சியில் நின்று நிழலே காலுக்கடியில் காணாமல் போகும். கடைகள் மதியம் அடைத்துவிட்ட பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு, பிரெஞ்சுப் பகுதியின் மஞ்சள் சுவர்களுக்கு நடுவே நடந்தவர்களுக்கு தெ கிரிகோவின் வெறிச்சோடல் உடனே புரியும். நிழல்தான் புரியாது. அந்த நிழல் நம் வாழ்க்கையில் வராதது. ஆகவே அவரை நாம் பார்க்கும்போது ஐரோப்பியர் பார்ப்பதைவிட அதிகமாகவே சர்ரியலாகப் பார்க்கிறோம். உங்கள் படத்தில் இதைப் பயன்படுத்தலாம், யோசியுங்கள்.

சால்வதோர் தாலியை எல்லோருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். உருகும் கடிகாரங்கள் படம் (1931) வெறும் 24க்கு 33 செ.மீ., ஒரு ஏ4 தாளைவிடச் சற்றே பெரிது. அதில் தூரத்துப் பாறைகள் பொன்னாக மின்னுகின்றன, பக்கத்துத் தரை இருண்டு கிடக்கிறது. வழக்கமாகப் பக்கத்தில் இருப்பது தெளிவாகவும் தூரம் மங்கலாகவும் இருக்கும். அவர் திருப்பிப் போட்டார். கடிகாரங்களை விட்டுவிட்டு அந்தப் பாறைகளை மட்டும் ஒரு நாள் பாருங்கள்.

அமெரிக்க ஓவியர் டோரதியா டானிங் வரைந்த 'சிறிய இரவு இசை' (1943) என் கணக்குக்கு அடங்காத படம், அதனாலேயே பிடிக்கும். பழைய ஓட்டல் ஒன்றின் நடைபாதை, மூடிய கதவுகள், தரையில் முறிந்து கிடக்கும் பெரிய சூரியகாந்தி, இரண்டு சிறுமிகள். ஒருத்தியின் கூந்தல் தீப்போல மேலே எழும்பி நிற்கிறது. கடைசிக் கதவு மட்டும் லேசாகத் திறந்து, உள்ளிருந்து மஞ்சள் வெளிச்சம் கசிகிறது. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு இங்கே தெளிவான பதில் இருக்கிறது, அதோ அந்தக் கதவு. ஆனால் நடைபாதையின் இருட்டைவிட அந்த வெளிச்சத்துக்குத்தான் எனக்குப் பயம். ஒளி என்றால் தெளிவு, இருள் என்றால் அச்சம் என்ற சமன்பாட்டை வைத்துக்கொண்டு இந்தப் படத்துக்குள் போக முடியாது.

விளக்கு இருட்டைப் போக்கும் என்பதையும் முழுசாக நம்பாதீர்கள். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் உங்கள் கடலூரையும் எங்களையும் புரட்டிப்போட்ட பிறகு எங்கள் தெருவில் பல நாள் கரண்ட் இல்லை. புத்தாண்டு ராத்திரி அரை நிலா. கண் பழகியதும் தெரு முழுக்கத் தெரிந்தது. விழுந்து கிடந்த வேப்பமரத்தின் கிளைகள், எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர், எல்லாம் சாம்பல் நிறத்தில். கோடி வீட்டில் யாரோ பெட்ரோமாக்ஸ் ஏற்றினார்கள். அந்த வீட்டு வாசல் மட்டும் மஞ்சளாகத் துலங்கியது. மறு நொடி பெரியவரைக் காணோம், மரத்தைக் காணோம், தெருவே கரி. அதுவரை இல்லாத இருட்டை அந்த விளக்குதான் உண்டாக்கியது. மக்ரீத்தின் தெருவிளக்கு செய்வதும் இதே வேலை. அந்த மஞ்சள் வட்டத்தைக் கையால் மறைத்துவிட்டு அச்சைப் பாருங்கள். கீழ்ப் பாதி ராத்திரி என்று சொல்லவே முடியாது, நிழலான ஒரு வீடு அவ்வளவுதான். விளக்கைத் திறந்தால் ராத்திரி வந்துவிடும்.

சரி, நீங்கள் வரைய வேண்டிய படத்துக்கு வருவோம்.

வீட்டையும் வானத்தையும் அப்படியே எடுத்து மறுபடி வரையாதீர்கள், அது அவருடையது. உங்கள் ஊரில் இரண்டு வெளிச்சம் சந்திக்கும் இடம் எது என்று தேடுங்கள். முற்றம் வைத்த பழைய வீடு ஏதாவது தெரிந்திருந்தால் அங்கே போய் உட்காருங்கள். நடுவில் மேலிருந்து கொட்டும் பகல், சுற்றிலும் கூடத்து இருட்டு, சாமி மாடத்தில் ஒரு அகல். கெடிலத்தில் தண்ணீர் இருக்கும் நாளில் பாலத்தில் நின்று அந்தி நேரத்தில் பாருங்கள். தண்ணீர் வானத்தை எவ்வளவு பிடிக்கிறது, கரை மரங்களின் பிம்பம் எந்த இடத்தில் அதை மறைக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மக்ரீத் தண்ணீரில் நீலத்தை ஏன் விட்டுவிட்டார் என்பதற்கு அங்கே பாதி பதில் கிடைக்கும். வெளிச்சம் குறையும்போது எந்த நிறம் முதலில் சாகிறது என்றும் பாருங்கள். செம்பருத்திப் பூ அதன் இலைக்கு முன்பே கறுத்துவிடும், நீலம் கடைசி வரை தாக்குப்பிடிக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் புர்க்கின்யே என்ற செக் நாட்டு அறிஞர் கவனித்து எழுதிய விஷயம் அது. ராத்திரிப் பகுதியில் சிவப்பை எங்கே வைப்பது என்பதை அதுவே சொல்லிவிடும்.

கறுப்பு டியூபை மூடி வையுங்கள். பர்ன்ட் அம்பர் என்கிற பழுப்பும் அல்ட்ராமரைன் நீலமும் கலந்தால் கிடைக்கும் கறுப்புக்கு உள்ளே போக இடம் இருக்கும். நேர்க் கறுப்பு சுவர் மாதிரி நின்றுவிடும்.

மிக முக்கியமானது, இரண்டு வெளிச்சத்தையும் ஒரே நாளில், ஒரே மனநிலையில் வரையாதீர்கள். ஒவ்வொன்றும் தன்னளவில் நூறு சதவீதம் உண்மையாக இருக்க வேண்டும், அப்போதுதான் சேர்க்கும்போது பொய் பிறக்கும். பகல் பகுதியைக் காலை பத்து மணிக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதி முடியுங்கள். அதைத் துணி போட்டு மூடிவிட்டு, காய்ந்த பிறகு ஒரு ராத்திரி, வீட்டு விளக்கில், கீழ்ப் பகுதியை எழுதுங்கள். எழுதும்போது மேலே பார்க்காதீர்கள். இரண்டும் முடிந்த பிறகு துணியை எடுத்து, நடுவில் விட்டு வைத்திருக்கும் மரமோ, மதிலோ, ஓட்டு விளிம்போ, அந்த ஒட்டுப்போடும் இடத்தை மட்டும் பகல் வெளிச்சத்தில் நின்று, மெல்லிய தூரிகையால் முடியுங்கள். ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை, அவசரப்படாதீர்கள். முடிந்ததும் கடலூரில் இருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம்தான், முத்தியால்பேட்டைக்கு எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.